மைதானம் பெருக்கிய பாலு, இங்கிலாந்தில் அசத்திய கோடை!

குழந்தைகளே!

கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் வழியாகப் பெங்களூருக்குப் போகும் பெரிய சாலையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். இரவு பகல் பாராமல் லாரிகள் ஓடிக்கொண்டே இருக்கும். அந்த லாரிகளில் சில எவ்வளவு தூரம் போகும், தெரியுமா? பெங்களூரைத் தாண்டித் தும்கூர், சித்ரதுர்கா, ஹூப்ளி, தார்வாட் என்று போகும். இன்னும் போனால் புனே. அதற்கும் அப்பால் மும்பை!

இந்தச் சாலையில் வரும் மூன்று ஊர்களோடு ஒரு பெரிய மனிதரின் வாழ்க்கை பின்னிக் கிடக்கிறது. அவர் தார்வாட்டில் பிறந்தார். புனேயில் கிரிக்கெட் மைதானம் பெருக்கினார். மும்பையில் புகழ் பெற்றார். நடுவில் ஒரே ஒரு கோடைக்காலம் கப்பலேறி இங்கிலாந்து போனார். அந்த ஒரு கோடையில் 114 விக்கெட்டுகளை வீழ்த்தினார்.

அவர்தான் பல்வங்கர் பாலு. இந்தியாவின் முதல் பெரிய சுழற்பந்து வீச்சாளர். பேடி, கும்ப்ளே, அஸ்வின் ஆகியோரின் பெயர்கள் உங்களுக்குத் தெரியும். இவர்கள் எல்லோருக்கும் முன்னோடி இந்தப் பாலு. அவருடைய கதையை இந்த வாரம் படிப்போமா?

மூன்று ரூபாய்ச் சம்பளம்

பாலு 1876-ஆம் ஆண்டு பிறந்தார். தோல் தொழில் செய்யும் சமூகத்தைச் சேர்ந்த குடும்பம். அந்தக் காலத்தில் தீண்டாமை என்னும் கொடுமை நாடு முழுவதும் இருந்தது. சில சமூகத்தினரைத் தொட்டாலே தீட்டு என்றார்கள். பொதுக் கிணற்றில் தண்ணீர் எடுக்க விடமாட்டார்கள். கோயிலுக்குள் விடமாட்டார்கள். பாலுவின் குடும்பமும் அப்படி ஒதுக்கி வைக்கப்பட்ட குடும்பம்தான்.

தந்தைக்கு ராணுவத்தில் வேலை. அதனால் பாலு புனேயில் வளர்ந்தார். அங்கே வெள்ளைக்கார அதிகாரிகள் கிரிக்கெட் ஆடுவார்கள். அவர்கள் வேண்டாம் என்று போட்ட பழைய பந்தையும் மட்டையையும் வைத்துக்கொண்டு பாலுவும் தம்பி சிவராமும் ஆடிப் பழகினார்கள்.

குடும்பத்துக்கு உதவ வேண்டுமே! பாலு சிறு வயதிலேயே வேலைக்குப் போனார். பார்சிகள் நடத்திய ஒரு கிரிக்கெட் கிளப்பில் மைதான வேலை. மாதம் 3 ரூபாய் சம்பளம். பிறகு வெள்ளைக்காரர்களின் புனே கிளப்பில் சேர்ந்தார். அங்கே 4 ரூபாய்.

என்ன வேலை தெரியுமா? ஆடுகளத்தைப் பெருக்க வேண்டும். ரோலர் இழுத்து மண்ணைச் சமமாக்க வேண்டும். சுண்ணாம்புக் கோடு போட வேண்டும். பயிற்சிக்கு வலை கட்ட வேண்டும். இத்தனையும் முடித்த பிறகு, அதிகாரிகள் பேட்டிங் பழகுவதற்காகப் பந்து வீச வேண்டும்.

பேட்ஸ்மேனுக்கு எட்டணா!

அந்தக் கிளப்பில் கிரெய்க் என்று ஒரு ஆங்கிலேயர் இருந்தார். மிகச் சிறந்த பேட்ஸ்மேன். அவர் தினமும் மற்றவர்களுக்கு முன்பாகவே வந்து, பாலுவைப் பந்து வீசச் சொல்லிப் பயிற்சி எடுப்பார். தம்மை ஒவ்வொரு முறை அவுட் ஆக்கும்போதும் பாலுவுக்கு எட்டணா கொடுப்பார் என்று ஒரு கதை உண்டு.

ஒரு கணக்குப் போடுங்கள் பார்க்கலாம். ஒரு ரூபாய்க்கு 16 அணா. எட்டணா என்றால் அரை ரூபாய். மாதச் சம்பளமோ 4 ரூபாய். அப்படியானால் எத்தனை முறை கிரெய்க்கை அவுட் ஆக்கினால் ஒரு மாதச் சம்பளம் கிடைக்கும்? ஆம், எட்டே முறை!

பாலு இடது கையால் மெதுவாகச் சுழற்பந்து வீசுவார். வலது கை பேட்ஸ்மேனுக்கு இந்தப் பந்து மிகவும் தொல்லை. உடம்பை நோக்கி வருவது போல வரும். தரையில் பட்டதும் திரும்பி, மட்டையை விட்டு விலகிப் போகும். பேட்ஸ்மேன் ஏமாந்து மட்டையை நீட்டினால் விளிம்பில் பட்டு கேட்ச்! பாலு ஒரே இடத்தில் பந்தைப் போட்டுக்கொண்டே இருப்பார். ஆனால் வேகத்தை மட்டும் மாற்றிக்கொண்டே இருப்பார். தினமும் ரோலர் இழுத்தவர் அல்லவா? எந்த மண்ணில் பந்து எப்படித் திரும்பும் என்பது அவருக்கு நன்றாகத் தெரிந்திருக்கும்.

இத்தனை ஆண்டுகள் பந்து வீசியும், அந்த வலைப் பயிற்சியில் ஒரு நாள்கூட அவர் கையில் யாரும் மட்டையைக் கொடுக்கவில்லை. பேட்டிங் துரைமார்களுக்கு உரியது. பந்து வீசுவது வேலைக்காரனுக்கு உரியது. அப்படித்தான் நினைத்தார்கள்.

மண் குவளையில் தேநீர்

பாலுவின் திறமை ஊருக்குள் பரவியது. புனேயில் இருந்த இந்துக்களின் கிரிக்கெட் அணி வெள்ளைக்காரர்களை எப்படியாவது ஜெயிக்க வேண்டும் என்று துடித்தது. பாலுவைச் சேர்த்தால் ஜெயிக்கலாம். ஆனால் தாழ்த்தப்பட்ட சமூகத்தவரோடு சேர்ந்து எப்படி ஆடுவது என்று சிலர் தயங்கினார்கள். சிலர் சேர்க்கத்தான் வேண்டும் என்றார்கள். வாக்குவாதம் நடந்தது. கடைசியில் சேர்த்துக் கொண்டார்கள்.

மைதானத்துக்குள் எல்லோரும் ஒரே பந்தைத் தொட்டார்கள். அதில் தீட்டு இல்லை! ஆனால் தேநீர் இடைவேளை வந்ததும் எல்லாம் மாறிவிடும். மற்றவர்கள் உள்ளே உட்கார்ந்து பீங்கான் கோப்பையில் தேநீர் குடிப்பார்கள். பாலு வெளியே நிற்பார். அவருக்கு ஒரு மண் குவளையில் தேநீர் வரும். குடித்ததும் எறிந்துவிட வேண்டியதுதான். மதியச் சாப்பாடும் தனியாகத்தான்.

யோசித்துப் பாருங்கள் குழந்தைகளே! இவர் எடுக்கும் விக்கெட் வேண்டும். ஆனால் இவர் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட மாட்டார்கள். அது பாலுவுக்கு எப்படி வலித்திருக்கும்! நம் தமிழ்நாட்டு டீக்கடைகளிலும் இரட்டைக் குவளை முறை என்று ஒரு கொடுமை இருந்தது. வீட்டில் பெரியவர்களிடம் கேட்டால் சொல்வார்கள்.

1896-ஆம் ஆண்டில் பாலு பம்பாய்க்குப் போனார். அதுதான் இன்றைய மும்பை. பம்பாய் பரோடா மத்திய இந்திய ரயில்வேயில் வேலை கிடைத்தது. ரயில்வே அணிக்கு ஆடினார். இந்து ஜிம்கானா அணியிலும் இடம் கிடைத்தது.

1906-இல் பம்பாயில் இந்துக்கள் அணிக்கும் ஐரோப்பியர் அணிக்கும் பெரிய போட்டி நடந்தது. இந்துக்கள் 109 ரன் வித்தியாசத்தில் வென்றார்கள். பாலு இரண்டு இன்னிங்சிலும் சேர்த்து 8 விக்கெட் எடுத்தார். நம்மை ஆண்டவர்களை அவர்கள் விளையாட்டிலேயே தோற்கடித்ததில் ஊரே கொண்டாடியது. பம்பாயில் அணியினர் பாலுவோடு ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடவும் தொடங்கியிருந்தார்கள். பந்து திறந்த கதவுகளில் அது ஒன்று.

கப்பல் ஏறிய அணி

1911-ஆம் ஆண்டு வந்தது. இந்தியா முழுவதிலுமிருந்து வீரர்களைத் திரட்டி இங்கிலாந்துக்கு அனுப்ப முடிவு செய்தார்கள். இந்தியா டெஸ்ட் போட்டி ஆடத் தொடங்கியது 1932-இல்தான். அதற்கு 21 ஆண்டுகளுக்கு முன்பே நடந்த பயணம் இது!

அன்றைக்குக் கிரிக்கெட் அணிகள் மதத்தின் பெயரால் பிரிந்திருந்தன. பார்சி அணி, இந்து அணி, முஸ்லிம் அணி என்று தனித்தனி. ஆனால் இந்தப் பயணத்துக்கு மூன்று மதத்தினரும் ஒரே அணியாகச் சேர்ந்தார்கள். பெங்களூரிலிருந்து ஜெயராம், மதராஸில் பிறந்த விக்கெட் கீப்பர் சேஷாச்சாரி ஆகியோர் அதில் இருந்தார்கள். பாலுவும் தம்பி சிவராமும் இருந்தார்கள். பஞ்சாபில் உள்ள பாட்டியாலா அரசின் மகாராஜா பூபிந்தர் சிங் கேப்டன். அவருக்கு அப்போது 19 வயதுதான்!

மகாராஜாவும் ஒரு அணியில். மைதானம் பெருக்கியவரும் அதே அணியில்! நூறு ஆண்டுகளுக்கு முன் இது எவ்வளவு பெரிய அதிசயம்!

மே மாதம் பம்பாயில் கப்பல் ஏறினார்கள். அன்றைக்கு விமானம் ஏது? கடல் வழியாகத்தான் வாரக்கணக்கில் போக வேண்டும்.

வெயில் கொளுத்திய இங்கிலாந்து

மொத்தம் 23 ஆட்டங்கள். ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக அணிகளோடு ஆட்டம். லண்டன் லார்ட்ஸ் மைதானத்தில் ஆட்டம். பிறகு ஊர் ஊராக ரயிலில் போய் அந்தந்த மாவட்ட அணிகளோடு ஆட்டம். ஸ்காட்லாந்து, அயர்லாந்து வரை போனார்கள். ஓர் ஆட்டம் முடிந்ததும் மூட்டை கட்டிக்கொண்டு அடுத்த ஊருக்கு ஓட வேண்டும்.

ஆரம்பமே சரியில்லை. தோல்விக்கு மேல் தோல்வி. ஏன் தெரியுமா? கேப்டன் மகாராஜாவுக்கு வேறு அலுவல்கள் நிறைய. அந்த ஜூன் மாதத்தில்தான் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் முடிசூட்டு விழா. விருந்தும் விழாவுமாக இருந்த மகாராஜா சில ஆட்டங்களில்தான் ஆடினார். அணியின் மிகச் சிறந்த பேட்ஸ்மேனான மிஸ்திரி அவரிடம் பணியாற்றியவர். அதனால் அவரும் பெரும்பாலான ஆட்டங்களில் இல்லை.

இன்னொரு தொல்லையும் சேர்ந்துகொண்டது. இங்கிலாந்தில் வழக்கமாக அடிக்கடி தூறல் விழும். ஈரமான ஆடுகளத்தில் சுழற்பந்து நன்றாகத் திரும்பும். ஆனால் 1911 கோடையில் அங்கே கடும் வெயில். ஆகஸ்டில் ஒரு நாள் 36 டிகிரி செல்சியசையும் தாண்டியது. அந்த நாட்டுக்கு அது மிக மிக அதிகம். காய்ந்து இறுகிய ஆடுகளம் பேட்ஸ்மேன்களுக்குத்தான் வசதி.

இப்படிப்பட்ட நிலையிலும் பாலு ஓயவில்லை. அவருக்கு அப்போது 35 வயது. கிரிக்கெட் வீரருக்கு அது இளமை அல்ல. ஆனாலும் வெயிலில் ஓவருக்கு மேல் ஓவர் வீசினார். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக அணிக்கு எதிராக 103 ரன் கொடுத்து 8 விக்கெட் எடுத்தார்.

ஜூலை மாதத்தில் லெஸ்டர் என்னும் ஊரில் முதல் பெரிய வெற்றி கிடைத்தது. லெஸ்டர்ஷயர் அணியை நம்மவர்கள் 7 விக்கெட் வித்தியாசத்தில் வென்றார்கள். அடுத்து சோமர்செட் அணியோடு ஆட்டம். இதில் பாலுவின் தம்பி சிவராம் அவுட் ஆகாமல் சதம் அடித்தார். ஒரே ஒரு விக்கெட் மீதமிருக்க நம் அணி வென்றது! நகத்தைக் கடித்துக்கொண்டு பார்க்க வேண்டிய ஆட்டம் அல்லவா?

கோடை முடிந்தது. 23 ஆட்டங்களில் வெற்றி 6, தோல்வி 15, டிரா 2. அணியைப் பொறுத்தவரை இது நல்ல கணக்கு அல்ல. ஆனால் பாலுவின் கணக்கைப் பாருங்கள். 114 விக்கெட்டுகள்! சராசரி 18.84. அதாவது ஒரு விக்கெட்டுக்கு 19 ரன்கூடக் கொடுக்கவில்லை. தோற்றுக்கொண்டே இருந்த ஓர் அணியில், வெயிலில் காய்ந்த ஆடுகளங்களில் எடுத்த விக்கெட்டுகள் இவை.

அன்றைய இங்கிலாந்திலும் ஒரு பாகுபாடு இருந்தது. சம்பளம் வாங்கி ஆடுபவர்கள் வேறு. வசதி படைத்துப் பொழுதுபோக்காக ஆடும் கனவான்கள் வேறு. இருவருக்கும் உடை மாற்றும் அறையே தனித்தனி! இந்தப் பிரிவினை 1962-இல்தான் ஒழிந்தது. ஏற்றத்தாழ்வு எந்த நாட்டையும் விட்டுவைக்கவில்லை என்பதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு.

வரவேற்பு மடல் எழுதிய இளைஞர்

ஊர் திரும்பிய பாலுவுக்குப் பம்பாயில் ஒடுக்கப்பட்ட மக்கள் வரவேற்பு விழா நடத்தினார்கள். ஒரு பாராட்டு மடலும் அளித்தார்கள். அதை எழுதியவர் யார் தெரியுமா? அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த ஓர் இளைஞர். பெயர் பீமராவ் ராம்ஜி அம்பேத்கர். ஆம், பிற்காலத்தில் நம் அரசியல் சட்டத்தை உருவாக்கிய அண்ணல் அம்பேத்கரேதான்! தம் சமூகத்திலிருந்து ஒருவர் இவ்வளவு உயர முடியும் என்று அந்த இளைஞருக்குப் பாலு காட்டினார்.

கிடைக்காத கேப்டன் பதவி

இவ்வளவு சாதித்தவரைக் கேப்டன் ஆக்கியிருக்க வேண்டும் அல்லவா? ஆக்கவில்லை! இந்துக்கள் அணியில் அவரைவிட அனுபவமும் திறமையும் மிக்கவர் யாரும் இல்லை. ஆனாலும் ஒவ்வோர் ஆண்டும் கேப்டன் பதவி உயர்சாதியினர் ஒருவருக்கே போனது. பந்து வீசலாம், விக்கெட் எடுக்கலாம். மற்றவர்களுக்குக் கட்டளையிடக் கூடாது! பந்தால் திறக்க முடியாத கதவு இது.

1920-இல் பாலுவின் தம்பிகள் சிவராமும் விட்டலும் பொங்கி எழுந்தார்கள். சாதியைக் காரணம் காட்டி எங்களை ஒதுக்குவதாக இருந்தால் நாங்கள் ஆட மாட்டோம் என்று விலகினார்கள். மக்களும் அவர்கள் பக்கம் நின்றார்கள். பாலுவுக்குத் துணைக் கேப்டன் பதவி கொடுத்துச் சமாதானம் செய்தார்கள். தம்பிகளும் அணிக்குத் திரும்பினார்கள். ஆட்டத்தின் நடுவே கேப்டன் வெளியே போனபோது, சிறிது நேரம் பாலு அணியை நடத்தினார். அவ்வளவுதான்! அதுவே அவர் ஆடிய கடைசிக் காலம்.

ஆனால் 1923-இல் அவருடைய தம்பி விட்டல் இந்துக்கள் அணிக்குக் கேப்டன் ஆனார். அந்த ஆண்டு அணி கோப்பையையும் வென்றது. அண்ணன் தட்டிய கதவு தம்பிக்குத் திறந்தது.

அமெரிக்காவில் ஒரு பாலு

பாலுவின் கதையைப் படிக்கும்போது இன்னொருவர் நினைவுக்கு வருகிறார். அமெரிக்காவில் பேஸ்பால் என்று ஓர் ஆட்டம் உண்டு. அதிலும் பந்து, மட்டை, ரன் எல்லாம் உண்டு. ஆனால் ஸ்டம்ப் கிடையாது. அங்கே பல ஆண்டுகள் கறுப்பின வீரர்களைப் பெரிய அணிகளில் சேர்க்கவில்லை. அவர்களுக்குத் தனி அணிகள், தனிப் போட்டிகள்.

1947 ஏப்ரல் 15 அன்று ஜாக்கி ராபின்சன் என்ற கறுப்பின இளைஞர் புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணிக்காகக் களம் இறங்கினார். கூட்டத்தில் பலர் அவரை ஏசினார்கள். சில ஊர்களில் ஓட்டலில் தங்க இடம் மறுத்தார்கள். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு ஆடினார். அந்த ஒரே பருவத்தில் 125 ரன் எடுத்தார். சிறந்த புதுமுக வீரர் விருதையும் பெற்றார். அவர் அணிந்த 42 என்ற எண்ணை 1997-இல் எல்லா அணிகளும் அவருக்கு மரியாதையாக நிரந்தரமாக ஒதுக்கி வைத்தன.

ராபின்சன் களம் இறங்குவதற்கு 36 ஆண்டுகளுக்கு முன்பே நம் பாலு இங்கிலாந்தில் பந்து வீசிவிட்டார். ராபின்சனை உலகமே அறியும். பாலுவை நம் நாட்டிலேயே பலருக்குத் தெரியாது. அதனால்தான் குழந்தைகளே, அவர் கதையை நீங்கள் நாலு பேருக்குச் சொல்ல வேண்டும்.

பிற்காலம்

ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்ற பிறகு பாலு பொதுவாழ்வில் ஈடுபட்டார். 1932-இல் காந்தியடிகள் தரப்புக்கும் அம்பேத்கருக்கும் இடையே புனேயில் ஓர் ஒப்பந்தம் ஏற்பட்டது. சட்டசபைகளில் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு எப்படி இடம் ஒதுக்குவது என்பது பற்றியது அது. அதில் கையெழுத்திட்டவர்களில் பாலுவும் ஒருவர். நம் தமிழகத் தலைவர்களான எம்.சி.ராஜாவும் இரட்டைமலை சீனிவாசனும்கூட அதில் கையெழுத்திட்டார்கள்.

அம்பேத்கருக்கும் பாலுவுக்கும் வழிகள் வேறாயின. 1937 தேர்தலில் காங்கிரஸ் சார்பில் பாலு, அம்பேத்கரை எதிர்த்தே போட்டியிட்டார். சுமார் 2,000 வாக்கு வித்தியாசத்தில் தோற்றார். இருவரும் வேறு வேறு பாதையில் போனாலும், தீண்டாமை ஒழிய வேண்டும் என்பதில் இருவருக்கும் ஒரே எண்ணம்தான்.

1950-இல் நம் அரசியல் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதன் 17-ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. தீண்டாமை பாராட்டுவோரைத் தண்டிக்கும் தனிச் சட்டம் 1955 ஜூன் மாதம் அமலுக்கு வந்தது. அடுத்த மாதம், 1955 ஜூலை 4 அன்று, பாலு காலமானார். மண் குவளையில் தேநீர் வாங்கியவர், அந்தக் குவளையை நீட்டுவதே குற்றம் என்று சட்டம் வந்ததைப் பார்த்துவிட்டுத்தான் கண்ணை மூடினார்.

முதல்தர ஆட்டங்களில் மட்டும் பாலு 179 விக்கெட்டுகள் எடுத்திருக்கிறார். ஆனால் எந்த அட்டவணையிலும் அந்த மண் குவளை இருக்காது. எத்தனை ஓவர், எத்தனை ரன், எத்தனை விக்கெட் என்றுதான் இருக்கும். ஒருவர் எவ்வளவு அவமானங்களைத் தாண்டி அந்த எண்களை எட்டினார் என்பதை நாம்தான் தேடிப் படிக்க வேண்டும்.

குழந்தைகளே! நம் ஓசூர்ப் பக்கம் தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது, இந்தி என்று பல மொழி பேசும் பிள்ளைகள் ஒரே வகுப்பில் படிக்கிறீர்கள். வேலை தேடி எங்கெங்கிருந்தோ வந்த குடும்பங்களின் பிள்ளைகளும் உங்களோடு இருக்கிறார்கள். மாலையில் மைதானத்தில் அணி பிரிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். எப்போதும் பந்து பொறுக்க மட்டும் அனுப்பப்படும் பிள்ளை யாராவது இருக்கிறாரா? மட்டையை அவர் கையிலும் கொடுங்கள். ஆட்டம் முடிந்ததும் ஒரே தண்ணீர்ப் பாட்டிலை எல்லோரும் பகிர்ந்து குடியுங்கள். ஒருநாள் கேப்டன் பதவியையும் அவருக்குக் கொடுத்துப் பாருங்கள். பாலுவுக்கு நாம் செய்யும் மரியாதை அதுதான்!